வாவியின் இரு கரைகளும் அரசின் கல்விக் கொள்கையும்
(மட்டக்களப்புப் பிரதேசத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு)

மட்டக்களப்பு நாட்டின் வாழ்வை அறிய விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது அதன் வாவியையே. வடக்கே பங்குடாவெளி தொடக்கம் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பு நிலத்தை இரண்டாக வகுத்து நிற்கின்றது. ஞாயிறு எழும் திசையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில், வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நெல் விளைந்தது படுவான்கரையில். அந்நெல்லுக்கு உரிய போடிமாருட் பலர் வீடுகட்டி வாழ்ந்தது எழுவான்கரையில். விளைவு ஒரு கரையிலும் அதன் பயன் மறு கரையிலுமாக அமைந்த இம்முறை வேளாண்மையோடு நின்றுவிடவில்லை. கல்வியின் வரலாறும் ஏறத்தாழ இதே வழியிற் சென்றது.

அரசாங்கப் பாடசாலைகளில் மாணவரின் அடைவை உயர்த்துவது எவ்வாறு என்ற வினா இன்று எல்லா நாடுகளிலும் எழுப்பப்படுகின்றது. பரீட்சையைத் திருத்துவதா, பாடத்திட்டத்தைத் திருத்துவதா, பல்கலைக்கழக அனுமதியைத் திருத்துவதா எனப் பலவாறு விடை கூறப்படுகின்றது. இருநூறு ஆண்டு காலத்தில் அரசு வகுத்த கல்விக் கொள்கைகள் பலவற்றை மட்டக்களப்பு வாவிக்கரை அனுபவித்திருக்கின்றது. ஆதலின் இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு இப்பிரதேசம் தக்கதொரு களமாகும். பாடசாலையையும் ஆசிரியரையும் மாணவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசென்ற கொள்கைகள் இங்கே பயன் தந்தன. பயணத்தின் முடிவில் நின்று புள்ளிகளைச் சரிசெய்த கொள்கைகள் வாவியின் ஒரு கரையையே பெரிதும் சென்றடைந்தன. இதனை வரலாற்று முறையில் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிசன் பாடசாலைகளும் கொடை முறையும்

ஆங்கிலக் கல்வி மட்டக்களப்புக்கு மிசனரிமார் வழியாகவே வந்தது. 1814ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த முதலாவது வெசுலியன் மிசனரிக் குழுவைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்பவர் அவ்வாண்டிலேயே மட்டக்களப்பிற் பாடசாலைப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், அவர் நோயுற்று இவ்வூரிலேயே மரணமடைந்தார். அவர் தொடங்கிய பணியே பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டில் எழுந்தது. இவையிரண்டும் புளியந்தீவு எனப்படும் மட்டக்களப்பு நகரில், வாவி நீர் சூழ்ந்த சிறு நிலப்பரப்பில் அமைந்தன என்பது கவனிக்கத்தக்கது. கோட்டையும் கச்சேரியும் நீதிமன்றமும் எங்கிருந்தனவோ அங்கேயே ஆங்கிலக் கல்வியும் இருந்தது.

இக்காலத்தில் அரசு கல்வியை நேரே நடத்துவதிலும் பார்க்க, நடத்துவோருக்குப் பொருளுதவி அளிப்பதையே விரும்பிற்று. 1869ஆம் ஆண்டில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. மிசன் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறையும் அதனுடன் ஒழுங்குபெற்றது. இங்கிலாந்திற் கையாளப்பட்டதைப் பின்பற்றி, மாணவர் பரீட்சையிற் பெறும் பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடையைக் கூட்டியும் குறைத்தும் வழங்கும் முறை 1870களில் இலங்கையிலும் புகுத்தப்பட்டது. மாணவர் அடைவை அரசின் கொள்கையால் உயர்த்த முடியும் என்ற கருத்தின் முதல் வடிவம் இதுவே எனலாம். பாடசாலைப் பரிசோதகர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியடைந்தோரின் தொகைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும்.

இம்முறை நகரத்துக்குப் பொருந்தியது. வாவிக்கு அப்பால் அது பொருந்துவது அரிது. படுவான்கரைப் பிள்ளையின் ஆண்டு பருவமழையோடும் வயலோடும் பிணைந்தது. விதைப்புக் காலத்தில் மாடு பார்க்கவும், கதிர் முற்றும் காலத்தில் கிளியும் பன்றியும் விரட்டவும், அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் உதவவும் அப்பிள்ளை தேவைப்பட்டது. வரவு குறைந்த இடத்தில் பெறுபேறு குறையும். பெறுபேறு குறைந்த இடத்தில் நன்கொடை குறையும். நன்கொடை குறைந்த இடத்தில் நல்லாசிரியர் தங்கார். ஏற்கெனவே உள்ளவனுக்குக் கொடுத்து இல்லாதவனிடமிருந்து பறிக்கும் இயல்பு இம்முறையின் அமைப்பிலேயே இருந்தது. இங்கிலாந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கைவிட்டது. எனினும் பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையை மதிப்பிட்டுப் பரிசும் தண்டனையும் வழங்கும் எண்ணம் காலந்தோறும் புதிய உடுப்பில் மீண்டும் மீண்டும் தோன்றிவருகின்றது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் கிராமங்களிலும் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என விதித்தது. சட்டம் பிள்ளையைக் கட்டாயப்படுத்தியது. ஆனால் பாடசாலை பிள்ளையின் நடைதூரத்தில் இருப்பதற்கு அது போதிய வழிசெய்யவில்லை. ஆகவே கட்டளை ஏட்டில் இருக்க, கல்வி தோணித்துறையோடு நின்றது.

விபுலாநந்த அடிகளும் கல்லடியும்

இச்சூழலிற் கல்விபெற்று உயர்ந்தவர்களுள் தலைசிறந்தவர் சுவாமி விபுலாநந்தர் ஆவர். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, 1924இல் துறவு பூண்டு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். அவர் சென்ற வழியை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அறிவுள்ள பிள்ளை ஒன்று கரையோரக் கிராமமொன்றிற் பிறந்து, படிப்படியாக ஊரை விட்டு அகன்றகன்று செல்லவேண்டியதே அக்காலக் கல்வியின் நியதியாயிருந்தது. பிறந்த ஊரில் இருந்துகொண்டே உயர்கல்விக்குத் தயாராகும் வாய்ப்பு எழுவான்கரைப் பிள்ளைக்கே அரிதாயின், படுவான்கரைப் பிள்ளையைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

1925இல் இலங்கை திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயம் அவரால் நிறுவப்பட்டது. நகரத்தையும் கல்லடியையும் இணைக்கும் பாலம் அப்போதுதான், 1924இல், அமைந்திருந்தது. தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் அது வழங்கப்பட்டது. நகரத்துக்கு வெளியே, தமிழ்ச் சூழலில், கிராமத்துப் பிள்ளைகளுக்கும் உரியதாக ஓர் உயர்தரப் பாடசாலை அமைவதற்கு ஒரு துறவியின் தனிமுயற்சி தேவைப்பட்டது. அரசு செய்யவேண்டியதை ஒரு தனிமனிதர் செய்து காட்டினார் என்பது அவருக்குப் பெருமை; அரசுக்கு அதுவே குறை.

இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும்

அரசு இக்குறையை உணர்ந்து செயற்பட்ட காலம் டொனமூர் அரசியலமைப்பின் பின் வந்தது. 1931 தொடக்கம் 1947 வரை கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட கல்விக்குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இவ்வறிக்கையின் விளைவாக 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்பதும் நிலைபெற்றது.

இச்சீர்திருத்தங்களுள் இலவசக் கல்வியே பெரிதும் புகழப்படுவது. ஆயினும் வாவிக்கரையைப் பொறுத்தவரை, அதனோடு இணைந்து வந்த மத்திய பாடசாலைத் திட்டமும் அதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது எனலாம். கட்டணத்தை நீக்குவதால் வாயில் திறக்கும். வாயில் இருபது மைலுக்கு அப்பால் இருப்பின் திறந்த வாயிலாற் பயன் சிறிதே. கன்னங்கரா இதனை உணர்ந்தார். நகரக் கல்லூரிகளுக்கு நிகரான ஆய்வுகூடமும் நூல்நிலையமும் விடுதியும் உடைய பாடசாலைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை நாட்டின் கிராமப்புறங்களில் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் நடத்தப்பட்ட புலமைப்பரிசிற் பரீட்சை மூலம் தெரிவான ஏழைப் பிள்ளை அங்கே அரசின் செலவில் உண்டு உறைந்து கற்க முடிந்தது.

மட்டக்களப்பில் இத்திட்டத்தின் சின்னமாக விளங்கியது வந்தாறுமூலை. நகரிலிருந்து வடக்கே, செங்கலடிக்கும் சித்தாண்டிக்கும் இடையில், வயல் சூழ்ந்த கிராமத்தில் அங்கே மத்திய கல்லூரி அமைந்தது. திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதியை அப்போது அரசாங்க சபையிற் பிரதிநிதித்துவப்படுத்தியவர் வ. நல்லையா. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும்படி 1944இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்கவேண்டும் எனத் திருத்தம் முன்மொழிந்து நிறைவேற்றுவித்தவர் அவரே. தாய்மொழியிற் கற்ற பிள்ளைக்கு அம்மொழியிலேயே அரசின் கதவும் திறக்கவேண்டும் என்பது அத்திருத்தத்தின் உட்பொருள். பாடசாலையும் மொழியும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதை அக்காலத்தவர் நன்கு விளங்கியிருந்தனர்.

வந்தாறுமூலையின் பிற்கால வரலாறு இக்கொள்கையின் பயனைத் தெளிவாக உணர்த்தும். 1981ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது அம்மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டிடங்களிலேயே. அதுவே 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தில் நடப்பட்ட பாடசாலை ஒன்று நாற்பது ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்துக்கு இடமளித்தது. பிள்ளை ஊரை விட்டு அகன்று செல்லும் பழைய நியதிக்கு மாறாக, உயர்கல்வி பிள்ளையின் ஊரை நாடி வந்த நிகழ்ச்சி இது.

தமிழகத்திலும் ஏறத்தாழ இக்காலத்தில் இதனையொத்த முயற்சி நடைபெற்றது. 1954 தொடக்கம் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர் கிராமந்தோறும் நடைதூரத்திற் பாடசாலைகளைத் திறப்பித்தார். அத்துடன், வந்த பிள்ளை பசியோடு இராதவாறு மதிய உணவும் வழங்கச் செய்தார். கன்னங்கரா விடுதியால் தீர்க்க முயன்ற தூரத்தையும் வறுமையையும் காமராசர் கிராமப் பள்ளியாலும் உணவாலும் தீர்க்க முயன்றார். வழி வேறாயினும், பிள்ளையை எட்டாத பாடசாலை பாடசாலையன்று என்ற தெளிவு இருவருக்கும் பொதுவானது.

ஆயின் மத்திய கல்லூரித் திட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியடைந்த ஒருவனை அது மேலே தூக்கியது. அவனோடு ஒரே வாங்கில் இருந்த ஏனையோரை அந்தச் சிறு பாடசாலையிலேயே விட்டுச்சென்றது. ஐந்தாம் வகுப்பு வரை அப்பிள்ளைக்குக் கற்பித்த ஆசிரியர் யார், அவர் நாள்தோறும் வந்தாரா என்பவையே அப்பரீட்சையின் முடிவைத் தீர்மானித்தன.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கையிற் சேர்த்தன. மிசன்களின் முகாமையின் கீழிருந்த பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கப் பாடசாலைகளாயின. சமயச் சார்பாக எழுந்த வாதங்கள் ஒருபுறமிருக்க, இச்சட்டங்களால் ஏற்பட்ட முக்கிய மாற்றம் ஒன்றுண்டு. ஆசிரியரை நியமிப்பதும் இடமாற்றுவதும் இனி அரசின் பொறுப்பு. எந்த ஆசிரியர் எந்தக் கரையிற் கற்பிப்பார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முதன்முறையாக ஒரே கையில் வந்தது. அதிகாரம் வந்ததெனினும் அதனை எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்துவது என்ற கொள்கை உடன் வரவில்லை. நகருக்கு அண்மையில் இடம்பெறுதல் ஆசிரியருக்குப் பேறாகவும், வாவிக்கு அப்பால் அனுப்பப்படுதல் தண்டனையாகவும் கருதப்படலாயிற்று.

தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும்

1970களில் அரசின் கவனம் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழக வாயிலுக்குத் திரும்பியது. தாய்மொழிக் கல்வி பரவியதன் பயனாகப் பரீட்சைக்குத் தோற்றுவோர் தொகை பெருகிற்று; பல்கலைக்கழக இடங்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. இந்நிலையிற் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது, மொழிமூலத்தின் அடிப்படையில் வெவ்வேறு புள்ளி எல்லைகள் வகுக்கப்பட்டன. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளியும், சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. பொறியியலுக்கு முறையே 250, 227 என இருந்தது. 1973இல் இது தரப்படுத்தல் என்னும் முறையாக வடிவம் பெற்றது.

இம்முறையின் அநீதி மட்டக்களப்பு மாணவனுக்கு இரட்டிப்பானது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் குறைந்த பாடசாலையிற் படித்தும், தமிழிற் பரீட்சை எழுதினான் என்ற ஒரே காரணத்தால் அவனிடம் அதிக புள்ளி கேட்கப்பட்டது. பின்தங்கியோரை உயர்த்துவதாகக் கூறப்பட்ட முறை பின்தங்கிய ஒருவனை மொழி காரணமாக மேலும் பின்தள்ளியது.

1974இல் இதற்கு மேலாக மாவட்டப் பங்கீடு சேர்க்கப்பட்டது. இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்பட்டன. யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய மாவட்டங்களின் பங்கு இதனாற் சுருங்க, பின்தங்கிய மாவட்டங்களின் வாய்ப்பு விரிந்தது. இங்கே மட்டக்களப்பின் நிலை சிக்கலானது. மொழிவழித் தரப்படுத்தலால் தாக்குண்ட அதே மட்டக்களப்பு, மாவட்டப் பங்கீட்டால் நன்மை அடையும் நிலையில் இருந்தது. தமிழரிடையே தரப்படுத்தல் பற்றிய மனத்தாங்கல் ஆழமானது; அரசியல் வரலாற்றை மாற்றிய காரணங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் வரலாற்று மாணவன் இரண்டு முறைகளையும் வேறுபடுத்தி நோக்கவேண்டும். மொழியைக் கொண்டு புள்ளியை வேறுபடுத்துதல் பாகுபாடு. வசதியைக் கொண்டு வாய்ப்பைப் பகிர்தல் நியாயமான நோக்கம் உடையது. அந்நோக்கம் உரிய அளவுகோலால் நிறைவேற்றப்பட்டதா என்பதே அங்கு எழும் வினா.

மொழிவழித் தரப்படுத்தல் 1977இல் ஏற்பட்ட ஆட்சிமாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. மாவட்ட அடிப்படை திருத்தங்களுடன் நிலைத்தது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கும் முறை இதன் வழிவந்ததே. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மட்டக்களப்பும் இடம்பெறுகின்றது.

இம்முறையால் மட்டக்களப்பிலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் தோன்றினர் என்பதை மறுக்க இயலாது. ஆனால் மாவட்டம் என்னும் அளவுகோல் வாவியைக் காணவில்லை. ஒரு மாவட்டத்துக்குக் கிடைக்கும் விஞ்ஞான இடங்கள், அம்மாவட்டத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்கே நன்கு நடைபெறுகின்றதோ அங்கேதான் செல்லும். இலங்கையிற் பாடசாலைகள் 1ஏபி, 1சி, இரண்டாந் தரம், மூன்றாந் தரம் என வகைப்படுத்தப்படுகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1ஏபி பாடசாலைகள் மட்டுமே. நகர வீதியில் அத்தகைய பாடசாலைகள் பல. படுவான்கரையிலோ விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. புள்ளிவிபரத்தில் இரு கரைப் பிள்ளைகளும் ஒரே மாவட்டத்தவர். படுவான்கரையின் வறுமை மாவட்டத்தின் தகுதிக்குக் காரணம் காட்டியது. அத்தகுதியால் வந்த இடம் எழுவான்கரையை அடைந்தது. நெல்லும் போடியாரும் பற்றிய பழைய கதையே கல்வியில் மீண்டும் நிகழ்ந்தது.

புயலும் போரும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சீரழித்தது. தென்னந்தோப்புகளோடு பாடசாலைக் கூரைகளும் பறந்தன. கட்டிடங்களை மீள எழுப்பும் பணி முடிவுறுமுன் போர் தொடங்கிற்று. 1980இல் இலவசப் பாடநூல் வழங்கும் திட்டம் வந்தது. நூல் வாங்க வழியற்ற குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் நூலைத் திறந்து கற்பிக்க ஆசிரியர் வரும் பாதை அடுத்த சில ஆண்டுகளில் அடைபடலாயிற்று.

போர்க்காலத்தின் பெரும்பகுதியில் படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், நகரமும் எழுவான்கரையும் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவி ஒரு போர்முனையின் எல்லையாயிற்று. வவுணதீவிலும் செங்கலடிக் கறுத்தப் பாலத்திலும் அமைந்த சோதனைச் சாவடிகளைத் தாண்டியே ஆசிரியர் செல்லவேண்டியிருந்தது. 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகமே அகதிகள் தங்கும் இடமாயிற்று. பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டமையும், அவ்வச்சத்தாற் பெற்றோர் பிள்ளைகளை ஊரை விட்டு அனுப்பியமையும் வகுப்பறைகளை வெறுமையாக்கின. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை எழுவான்கரையின் கல்லடி, நாவலடி முதலிய கரையோரங்களை அழித்தது.

இவ்விருண்ட காலத்திற் பல பாடசாலைகள் மூடப்படாது நின்றமைக்குக் காரணமானோர் தொண்டர் ஆசிரியர்களே. உயர்தரம் வரை கற்ற ஊர் இளைஞரும் யுவதிகளும் ஊதியமின்றியோ சிறு உதவித்தொகை பெற்றோ வகுப்புகளை நடத்தினர். பயிற்சி பெற்ற ஆசிரியர் வர இயலாத நாட்களிற் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் இவரே. போர் முடிந்தபின் நிரந்தர நியமனம் வேண்டி இவர்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. ஊரில் வாழ்பவரே ஊர்ப் பாடசாலையை நிலைநிறுத்துவர் என்ற பாடத்தை எக்கொள்கை அறிக்கையும் உணர்த்தாத வகையில் இவர்கள் உணர்த்தினர்.

மாகாண சபையும் வலயமும்

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வி நிருவாகத்தின் பெரும்பகுதியை மாகாண சபைகளுக்கு உரியதாக்கியது. தேசியக் கொள்கை, பாடத்திட்டம், பொதுப்பரீட்சை, தேசிய பாடசாலை ஆகியன மத்திய அரசிடம் இருக்க, ஏனைய பாடசாலைகளும் அவற்றின் ஆசிரியர் பங்கீடும் மாகாணத்திடம் வந்தன. வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணம் 2006இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பாற் பிரிந்தது. 2008இற் கிழக்கு மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. 2017இல் அதன் பதவிக்காலம் முடிவுற்றபின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநர் வழியே நிருவாகம் நடைபெற்றது.

அதிகாரப் பகிர்வு பற்றிய வாதங்களிற் பெரிதும் பேசப்படாத ஒரு சிறு மாற்றம் வாவிக்கரைக்கு மிக முக்கியமானது. மட்டக்களப்பு மாவட்டம் கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டபோது, காலப்போக்கில் வவுணதீவு, பட்டிப்பளை, கரடியனாறு முதலிய பகுதிகளை உள்ளடக்கி மட்டக்களப்பு மேற்கு எனத் தனி வலயம் அமைந்தது. அரசின் ஏடுகளிற் படுவான்கரை ஒரு தனி அலகாக இடம்பெற்றது. அதுவரை மாவட்டச் சராசரியில் மறைந்து கிடந்த கரையின் பெறுபேறு தனியே தெரியலாயிற்று. குறையைக் காட்டும் அலகு அமைந்தபோதுதான் குறையைத் தீர்க்கும் பொறுப்பும் ஒருவரிடம் சேர்கின்றது. 1974இன் மாவட்ட அளவுகோல் காணத் தவறியதை வலய அளவுகோல் கண்டது.

கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனப் பாடசாலைகளை வகைப்படுத்தி, அங்கே கற்பிப்போருக்குப் படியும் இடமாற்றத்திற் சலுகையும் வழங்கும் முறை இத்துடன் இணைத்து நோக்கத்தக்கது. ஆசிரியரை வாவிக்கு அப்பால் அனுப்புவதைத் தண்டனை என்ற நிலையிலிருந்து சேவை என்ற நிலைக்கு உயர்த்தும் நோக்கம் இதில் உண்டு. ஆனால் குறித்த ஆண்டுகள் முடிந்ததும் ஆசிரியர் மாறிச்செல்ல, புதிதாக நியமனம் பெற்றவர் வருவார். அனுபவம் கைவரப்பெற்றதும் அவரும் செல்வார். படுவான்கரைப் பாடசாலை எப்போதும் பயிற்சிக் களமாகவும், நகரப் பாடசாலை எப்போதும் அதன் பயனைப் பெறுவதாகவும் அமையின், படி வழங்கியும் பயன் குறையும்.

பாலம் கற்பிக்கும் பாடம்

மண்முனைத் துறையில் நெடுங்காலம் மக்களை அக்கரைப்படுத்தியது ‘பாதை’ என மட்டக்களப்பார் வழங்கும் மிதவைப் படகே. கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல்லும் ஆசிரியரும், நகருக்கு வரும் மாணவரும் அதற்காகக் காத்து நிற்பர். மாரிக்காலத்தில் வெள்ளம் பெருகினால் அதுவும் ஓடாது. இலங்கையின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலம் திசம்பர் மாதத்தில் நடைபெற்றமையை இங்கே நினைவுகூரலாம். கொழும்பில் வகுத்த நாட்காட்டிக்குத் திசம்பர் ஒரு மாதம். படுவான்கரைக்கு அது வெள்ளக்காலம்.

2014ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. கல்வி அமைச்சின் எந்தச் சுற்றுநிருபத்திலும் இடம்பெறாத இப்பாலத்தைக் கல்விச் சீர்திருத்தம் என்றே கூறலாம். காத்து நின்ற நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஆசிரியர் காலைப் பிரார்த்தனைக்கே பாடசாலைக்கு வர இயன்றது.

ஆயினும் பாலம் இரு திசைக்கும் உரியது. ஆசிரியர் எளிதில் வருவதைப் போலவே, பள்ளி விட்டதும் எளிதில் திரும்பியும் செல்வார். ஊரிலே தங்கி மாலையிற் பிள்ளைகளைக் கவனிக்கும் வழக்கம் அருகும். வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளை நகரப் பாடசாலைக்கு அனுப்புவதும் எளிதாகின்றது. அவ்வாறு செல்லும் பிள்ளைகளோடு ஊர்ப் பாடசாலைக்காகக் குரல்கொடுக்கக்கூடிய பெற்றோரும் சென்றுவிடுவர். வழி திறப்பது அவசியம். திறந்த வழியால் எது எத்திசையிற் செல்லும் என்பதைத் தீர்மானிப்பதே கொள்கையின் வேலை.

முடிவுரை

வாவிக்கரையின் கல்வி வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, பெறுபேற்றைக் கண்டு பரிசளிக்கும் கொள்கை, பெறுபேறு பெறும் வசதி உள்ள இடத்தையே வளர்க்கும் என்பதை 1870களின் கொடை முறை காட்டியது. இரண்டாவது, நல்ல பாடசாலை ஒன்றைக் கிராமத்தில் முழுமையாக நிறுவினால் ஒரு தலைமுறைக்குள் அதன் பயன் வெளிப்படும் என்பதை வந்தாறுமூலை காட்டியது. மூன்றாவது, பல்கலைக்கழக வாயிலிற் செய்யும் பங்கீடு, வாயில் வரை வந்தவருக்கே உதவும் என்பதையும், பங்கிடும் அலகு பெரிதாயின் அதனுள் வாழும் எளியோர் மறைந்துபோவர் என்பதையும் மாவட்ட முறை காட்டியது.

ஆகவே மாணவர் அடைவை உயர்த்த விரும்பும் அரசு, அது மத்திய அரசாயினும் மாகாண அரசாயினும், பரீட்சை மண்டபத்துக்கு முன்னதாக ஆரம்ப வகுப்பறைக்குச் செல்லவேண்டும். படுவான்கரையிற் பிறந்து வளர்ந்தோரை ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிந்தெடுத்து அக்கரைக்கே நியமித்தல், அங்கே கற்பிப்போருக்கு விடுதி அமைத்தல், அக்கரையிலேயே உயர்தர விஞ்ஞானம் நிறைவாக நடைபெறும் பாடசாலைகளை வளர்த்தல் ஆகியன புதுமையான யோசனைகள் அல்ல. கன்னங்கராவும் விபுலாநந்தரும் முன்னரே வகுத்த வழியின் தொடர்ச்சியே அவை. கல்லடிப் பாலம் எழுந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் அக்கரையில் அடிகளார் ஒரு பாடசாலையை எழுப்பினார். மண்முனைப் பாலத்தின் அக்கரையில் அதற்கு நிகரான ஒன்றை எழுப்புவது அரசின் கடன். அது நிறைவேறும் நாளிலேயே, கற்பதற்காக வாவியைக் கடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் படுவான்கரைப் பிள்ளைக்கு நீங்கும்.